எரிக் கார்லின் படப் புத்தகங்கள்: எங்கே தொடங்குவது, எப்படி வாசிப்பது

எரிக் கார்ல் என்ற பெயரைக் கேள்விப்படாத வீடுகளுக்குள்ளும் அவருடைய புழு நுழைந்துவிட்டது. பச்சை உடம்பு, சிவப்புத் தலை. மழலையர் பள்ளிச் சுவரிலோ குழந்தையின் சட்டையிலோ பார்த்திருப்பீர்கள். அந்தப் புழு வரும் 'த வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்' 1969-ல் வெளியானது. அறுபதுக்கும் மேற்பட்ட மொழிகளில், 5 கோடிக்கும் அதிகமான பிரதிகள் விற்றிருக்கிறது. ஆனால் படம் பரவிய அளவுக்குப் புத்தகம் பிள்ளைகளின் கைக்குப் போகவில்லை. நம் ஊரில் பலருக்கு அது எண்ணும் கிழமையும் சொல்லித்தருகிற ஒரு யூடியூப் வீடியோவாகத்தான் தெரியும்.

அவருடைய புத்தகம் ஒன்றைக்கூட இன்னும் கையில் எடுக்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரண்டு மூன்று வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டுப் பெரியவர்கள், பாலர் வகுப்பு ஆசிரியர்கள், நூலகத்தில் கதை சொல்கிறவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். எந்தப் புத்தகத்தை முதலில் வாங்குவது, எப்படி வாசிப்பது, அவர் செய்தது போன்ற படங்களை வீட்டில் எப்படிச் செய்து பார்ப்பது, அவரைப் பற்றி எவ்வளவு தெரிந்து வைத்துக்கொள்வது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

தொடங்கும் முன் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: கார்லின் புத்தகத்தைக் கண் படிப்பதற்கு முன் கை படிக்க வேண்டும். அவரே தன் புத்தகங்களைப் பாதி பொம்மை, பாதி புத்தகம் என்றுதான் பார்த்தார். வீட்டை விட்டுப் பள்ளிக்குப் போவது குழந்தைப் பருவத்தின் இரண்டாவது பெரிய அதிர்ச்சி, முதலாவது பிறப்பு என்பது அவர் பலமுறை சொன்ன கருத்து. வீட்டில் மடி உண்டு, தொடுதல் உண்டு, விளையாட்டு உண்டு. பள்ளியில் முன்பின் தெரியாத முகங்களும் மணியடித்தால் உட்கார வேண்டிய கட்டாயமும் காத்திருக்கின்றன. இந்த இரண்டுக்கும் நடுவில் பிள்ளை கையில் பிடித்துக்கொண்டு போக ஏதாவது வேண்டும் என்றுதான் ஓட்டை போட்ட பக்கங்களையும் மடித்து விரிக்கிற பக்கங்களையும் தடவிப் பார்க்கிற கோடுகளையும் அவர் புத்தகத்துக்குள் கொண்டுவந்தார். இதை மறந்துவிட்டு அவர் புத்தகத்தைப் பாடப்புத்தகமாக ஆக்கினால், அவர் எதைத் தவிர்க்க நினைத்தாரோ அதையே நாம் செய்கிறோம்.

முதல் படி: சரியான பதிப்பை வாங்குங்கள்

புழுவிலேயே தொடங்கலாம். ஆனால் பதிப்பைப் பார்த்து வாங்க வேண்டும். கெட்டி அட்டைப் பக்கங்கள் கொண்ட 'போர்டு புக்' நம் ஊர்ப் புத்தகக் கடைகளிலும் இணையக் கடைகளிலும் எளிதாகக் கிடைக்கிறது. அதில் சிறியது, பெரியது என்று பல அளவுகள் உண்டு. உள்ளங்கைக்குள் அடங்குகிற மிகச் சிறிய பதிப்பு விலை குறைவாக இருக்கும், ஆனால் வேண்டாம். பழங்களில் இருக்கும் ஓட்டைக்குள் பிள்ளையின் விரல் நுழைய வேண்டும். அதுதான் அந்தப் புத்தகத்தின் உயிர். இணையத்தில் வாங்கினால் அளவைப் படித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பிடிஎஃப் கோப்பிலும் கைப்பேசித் திரையிலும் ஓட்டையே இல்லை என்பதால் அவை கணக்கிலேயே சேராது.

ஆங்கிலப் பதிப்பு கிடைத்தால் போதும். மொத்தமே 224 ஆங்கிலச் சொற்கள்தான். தமிழில் நீங்களே சொல்லிக்கொண்டு போகலாம். எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

நூலகத்திலோ பழைய புத்தகக் கடையிலோ எடுத்தால் எல்லாப் பக்கங்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். திங்கள் முதல் வெள்ளி வரையான பக்கங்கள் ஒன்றைவிட ஒன்று அகலமாக வளர்ந்துகொண்டே போகும். முதலில் வரும் குட்டிப் பக்கம்தான் சீக்கிரம் கிழிந்து காணாமல் போகும்.

இரண்டாம் படி: பிள்ளைக்கு முன் நீங்கள் ஒரு தடவை தனியாகப் பாருங்கள்

அவசரப்படாமல் பக்கம் புரட்டுங்கள். நிலா வெளிச்சத்தில் ஒரு இலைமேல் சின்னஞ்சிறு முட்டை. ஞாயிற்றுக்கிழமை வெயில் வந்ததும் அதிலிருந்து புழு வெளியே வருகிறது. திங்களன்று ஒரு ஆப்பிள், செவ்வாய் இரண்டு பேரிக்காய், புதன் மூன்று பிளம்ஸ், வியாழன் நான்கு ஸ்ட்ராபெர்ரி, வெள்ளி ஐந்து ஆரஞ்சு. சனிக்கிழமை வந்ததும் ஒரே இரட்டைப் பக்கத்தில் பத்து தின்பண்டங்கள் வரிசையாக நிற்கின்றன: சாக்லேட் கேக், ஐஸ்க்ரீம், வெள்ளரி ஊறுகாய், சீஸ், சலாமி, லாலிபாப், செர்ரி பை, சாசேஜ், கப்கேக், தர்பூசணித் துண்டு. அன்றைக்கு ராத்திரி வயிற்றுவலி. மறுநாள் ஒரே ஒரு பச்சை இலை. வலி குறைகிறது. அப்புறம் கூடு, அதிலிருந்து வண்ணத்துப்பூச்சி.

இதில் எங்கே எண்ணிக்கை இருக்கிறது, எங்கே கிழமை இருக்கிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, எல்லாம் கதைக்குள்ளேயே கரைந்து கிடக்கின்றன. பழங்கள் மொத்தம் 15. சனிக்கிழமையையும் சேர்த்தால் 25. இலையோடு 26. ஆறு வயதுப் பிள்ளைக்கு இது நல்ல கூட்டல் விளையாட்டு. ஆனால் முதல் நாளே வேண்டாம்.

இந்தப் புத்தகம் எப்படிப் பிறந்தது என்று தெரிந்துகொண்டால் ஓட்டைகளின் அருமை புரியும். அலுவலகங்களில் தாளில் ஓட்டை போடும் பஞ்ச் இருக்குமே, அதை வைத்து ஒருநாள் கார்ல் ஒரு கட்டுத் தாளில் சும்மா ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். பார்த்தால் புத்தகப்புழு அரித்தது போல இருந்திருக்கிறது. வில்லி என்ற பெயருள்ள ஒரு புத்தகப்புழுவின் ஒரு வார வாழ்க்கை என்று கதை யோசித்தார். அவருடைய பதிப்பாசிரியர் ஆன் பெனடூஸுக்கு அந்தப் புழு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கம்பளிப்பூச்சியாக வைத்துக்கொண்டால் என்ன என்று அவர் கேட்டார். கேட்ட மாத்திரத்தில் கார்லின் வாயிலிருந்து வந்த சொல், வண்ணத்துப்பூச்சி. கதைக்கு முடிவு கிடைத்துவிட்டது. ஆனால் ஓட்டை போட்டு, பக்கத்துக்குப் பக்கம் அகலத்தை மாற்றி, கட்டுப்படியாகும் விலையில் அச்சடித்துத் தர அமெரிக்காவில் அச்சகம் அமையவில்லை. பெனடூஸ் ஜப்பானில் ஒன்றைக் கண்டுபிடித்தார். முதல் பதிப்பு அங்கேதான் அச்சானது. படப் புத்தகம் என்றால் எழுதியவரையும் வரைந்தவரையும் மட்டுமே நாம் பேசுகிறோம். பெனடூஸும் அந்த ஜப்பானிய அச்சகத்தாரும் இல்லாமல் இந்தப் புழு நம்மிடம் வந்திருக்காது.

மூன்றாம் படி: மடியில் வைத்து வாசியுங்கள்

எதிரே உட்காரவைத்துப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டுவது வகுப்பறைக்குச் சரி. வீட்டில் மடிதான். பிள்ளையின் கை பக்கத்தைத் தொடும் தூரத்தில் இருக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் பேசுகிற தமிழிலேயே சொல்லுங்கள். ஆங்கில வரியை வாசித்துவிட்டு அதற்கு அர்த்தம் சொல்வது இரண்டு வயதுப் பிள்ளைக்குச் சலிப்பு. "திங்கக்கிழமை ஒரு ஆப்பிளைத் தின்னுச்சாம். அப்பவும் பசி அடங்கலையாம்" என்று போங்கள். அந்த இரண்டாவது வாக்கியம்தான் முக்கியம். வெள்ளிக்கிழமை வரை ஒவ்வொரு நாளும் அது திரும்ப வரும். அதை ஒவ்வொரு முறையும் ஒரே சொற்களில், ஒரே ராகத்தில் சொல்லுங்கள். இன்றைக்கு ஒரு மாதிரி, நாளைக்கு வேறு மாதிரி என்று மாற்றாதீர்கள். இரண்டு மூன்று முறை கேட்டபின் நீங்கள் "அப்பவும்..." என்று நிறுத்தினால் மீதியைப் பிள்ளை சொல்லும். கார்லின் எழுத்து இந்த இடத்துக்காகவே எழுதப்பட்டது. நம் தாலாட்டிலும் பாட்டிகள் சொல்லும் கதைகளிலும் ஒரே வரி திரும்பத் திரும்ப வரும் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது, அதனால் தமிழில் சொல்ல இது கொஞ்சமும் சிரமம் தராது.

விரல் ஓட்டைக்குள் போகும்போது பக்கத்தைப் புரட்டாதீர்கள். பின்பக்கம் விரல் எட்டிப் பார்ப்பதைப் பிள்ளை பார்க்கட்டும். புழு போன வழியில் விரலும் போகிறது. ஒரே பக்கத்தில் பத்து நிமிடம் ஆனாலும் சரி.

சனிக்கிழமைப் பக்கத்தில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியாத பண்டங்கள் சில உண்டு. சலாமியை இட்லி ஆக்க வேண்டாம். படத்தில் இருப்பது ஒன்று, காதில் விழுவது வேறு என்றால் பிள்ளை குழம்பும். "இது சலாமி, அந்த ஊர்ல சாப்பிடுவாங்க" என்று சொல்லிவிட்டு நகருங்கள். மூச்சு விடாமல் பத்தையும் வேகமாகச் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

வயிற்றுவலி வரும் இடத்தில் புத்திமதி சொல்லாதீர்கள். "பார்த்தியா, கண்டதைத் தின்னா இப்படித்தான்" என்ற வசனம் நாக்கு நுனி வரை வரும். விழுங்கிவிடுங்கள். கார்ல் புழுவைத் திட்டவில்லை. ஒரு இலை கொடுத்தார், சரியாகிவிட்டது. இது நம்பிக்கையைப் பற்றிய புத்தகம் என்றே அவர் சொல்லிவந்தார்: யாரும் கவனிக்காத ஒரு சின்னப் புழுவும் வளரும், அழகாகும், பறக்கும். கேட்கிற பிள்ளைக்கு அது தன்னைப் பற்றிய செய்தி. நடுவில் நாம் குறுக்கிட வேண்டியதில்லை.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் அந்தக் கூட்டைப் பற்றிக் கேட்பார்கள். நூலால் நெய்த கூட்டுக்குள் இருப்பவை பெரும்பாலும் அந்துப்பூச்சிகள். வண்ணத்துப்பூச்சியின் புழு கடைசி முறை தோலை உரித்ததும் அந்த உடம்பே வழவழப்பான கூட்டுப்புழுவாகிவிடும். கார்லின் புத்தகத்தில் புழு தனக்கென்று ஒரு வீட்டைக் கட்டிக்கொள்கிறது. இதை அறிவியல் ஆசிரியர்கள் அவரிடமே கேட்டிருக்கிறார்கள். தன் புழு வழக்கத்துக்கு மாறானது என்றும், சிறு வயதில் 'கூட்டை விட்டு வெளியே வா' என்று அப்பா தன்னிடம் சொல்வார் என்றும் அவர் பதில் சொன்னார். பிள்ளையிடம் இரண்டையும் சொல்லுங்கள்: நிஜத்தில் இப்படி, கதையில் இப்படி. ஐந்து வயதுக்கு மேல் அது நன்றாகவே புரியும்.

நிஜத்தைக் காட்டவும் நமக்கு வழி இருக்கிறது. வீட்டில் கறிவேப்பிலைச் செடியோ எலுமிச்சைச் செடியோ இருந்தால் மழைக்குப் பிறகு இலைகளைப் பாருங்கள். பறவை எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாக ஒட்டிக்கொண்டிருப்பது அழகிகள் என்ற வகை வண்ணத்துப்பூச்சிகளின் இளம்புழு. வளர்ந்தபின் பச்சையாகிவிடும். எருக்கஞ்செடியில் கறுப்பு, மஞ்சள், வெள்ளைப் பட்டைகளோடு வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு இருக்கும். பார்க்கலாம், இலையைத் திருப்பிக் காட்டலாம். புழுவைப் பிடித்து டப்பாவில் அடைக்க வேண்டாம். எருக்கம்பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: அவர் எங்கிருந்து வந்தார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இது பெரியவர்களுக்கு. பிள்ளைக்கு இப்போது சொல்ல வேண்டாம்.

எரிக் கார்ல் 1929 ஜூன் 25 அன்று அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் சிரக்யூஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர்கள். அப்பா அவரைக் காட்டுப் பக்கம் கூட்டிப் போவார். கல்லைப் புரட்டி, மரப்பட்டையை விலக்கி, அடியில் ஊரும் சின்ன உயிர்களைக் காட்டி, அவற்றைப் பற்றிச் சொல்லிவிட்டு, எடுத்த இடத்திலேயே பத்திரமாக வைத்துவிடுவார். கார்லின் புத்தகங்களில் பூச்சிகளும் சிலந்திகளும் ஏன் இவ்வளவு என்பதற்கு இந்த நடைகள்தான் விடை. சின்ன உயிர்களைப் பற்றி எழுதும்போது அப்பாவுக்கு மரியாதை செய்கிறேன் என்பது அவருடைய எண்ணம்.

சிரக்யூஸ் பாலர் வகுப்பில் அவருக்குப் பெரிய பெரிய தாள்களும் பளிச்சென்ற வண்ணங்களும் பட்டையான பிரஷ்களும் கிடைத்தன. ஆறு வயதில், 1935-ல், குடும்பம் ஜெர்மனிக்குத் திரும்பி ஸ்டுட்கார்ட் நகரில் குடியேறியது. அங்கே பள்ளியில் கிடைத்தவை சின்னத் தாள், கடினமான பென்சில், அளவுகோல், தப்பு செய்யாதே என்ற எச்சரிக்கை. அடியும் உண்டு. வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகும் பயத்தைப் பற்றி அவர் ஆயுள் முழுக்கப் பேசியதன் வேர் இங்கே இருக்கிறது.

போர் வந்தது. அப்பா படைக்கு அழைக்கப்பட்டு, பிறகு சோவியத்தில் போர்க்கைதியானார். திரும்பி வந்தது 1947-ன் கடைசியில், உடம்பும் மனமும் உடைந்த மனிதராக. எரிக்கையே பதினைந்து வயதில் பதுங்கு குழி வெட்ட அனுப்பினார்கள். குண்டுவீச்சுக்குப் பயந்து கட்டடங்களுக்கெல்லாம் சாம்பலும் பழுப்பும் பூசியிருந்த ஊரில் வளர்ந்தவர் அவர். பிற்காலத்தில் பளிச்சென்ற நிறங்களைத் தேடிப் போனதற்கு அந்த மங்கலும் காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அந்த இருட்டில் ஒருவர் விளக்கேற்றினார். ஓவிய ஆசிரியர் ஃப்ரிடோலின் கிரவுஸ். நாஜி அரசு 'சீரழிந்த கலை' என்று தடை செய்திருந்த பிக்காசோ, மத்தீஸ், கிளே, காண்டின்ஸ்கி, ஃப்ரான்ஸ் மார்க் ஆகியோரின் ஓவிய நகல்களை அவர் அந்தப் பையனுக்கு ரகசியமாகக் காட்டினார். வெளியே தெரிந்தால் அவருக்கு ஆபத்து. தெரிந்தேதான் காட்டினார். அந்த ஓவியங்களில் மார்க் வரைந்த நீலக் குதிரையும் உண்டு. அந்த நீலத்தை மறக்காத பையன் 82-வது வயதில், 2011-ல், 'த ஆர்ட்டிஸ்ட் ஹூ பெயின்டட் அ ப்ளூ ஹார்ஸ்' என்ற புத்தகத்தைச் செய்தார். நீலக் குதிரை, சிவப்பு முதலை, மஞ்சள் பசு, பச்சைச் சிங்கம் என்று போகும். 'யானை ஆரஞ்சு நிறத்திலயா இருக்கும்?' என்று பிள்ளையைத் திருத்தும் பழக்கம் உள்ள எந்தப் பெரியவருக்கும் இதைத்தான் முதலில் கையில் கொடுப்பேன்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்டுட்கார்ட் கலைக் கல்லூரியில் படித்தார். 1952-ல் கையில் 40 டாலரோடு நியூயார்க் வந்தார். இன்னொரு பெரிய படப் புத்தகக்காரரான லியோ லியோனியின் உதவியால் நியூயார்க் டைம்ஸில் வடிவமைப்பாளர் வேலை கிடைத்தது. பிறகு விளம்பரத் துறை. அவர் ஒரு விளம்பரத்துக்காகச் செய்த சிவப்பு லாப்ஸ்டர் படத்தைப் பார்த்த பில் மார்ட்டின் ஜூனியர், தான் எழுதிய 'ப்ரவுன் பேர், ப்ரவுன் பேர், வாட் டூ யூ சீ?' புத்தகத்துக்குப் படம் செய்யக் கேட்டார். அது 1967. அடுத்த ஆண்டே கார்ல் தன் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். 2002-ல் மனைவி பார்பராவோடு சேர்ந்து மாசசூசெட்ஸில் ஆம்ஹர்ஸ்ட் நகரில் படப் புத்தக ஓவியங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் தொடங்கினார். 2021 மே 23 அன்று, 91 வயதில் காலமானார்.

ஐந்தாம் படி: தாளுக்கு வண்ணம் பூசுங்கள்

கார்ல் தன் விலங்குகளைத் தூரிகையால் வரையவில்லை. மெல்லிய டிஷ்யூ தாளில் முதலில் வண்ணம் பூசிக் காயவைப்பார். அப்புறம் அதை வெட்டி, ஒட்டி உருவம் செய்வார். தொடக்கத்தில் கடையில் கிடைத்த வண்ண டிஷ்யூவைப் பயன்படுத்தினார். நாளாக ஆக நிறம் வெளுத்துப்போனதால், வெள்ளைத் தாள் வாங்கித் தானே அக்ரிலிக் பூசத் தொடங்கினார். சில பழைய புத்தகங்களுக்குப் புதிதாகவே படம் செய்ய வேண்டியிருந்தது. இந்த முறையை வீட்டிலேயே செய்யலாம். அவர் கதைகளை ரசிப்பதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

தேவையானவை: வெள்ளை டிஷ்யூ தாள், அக்ரிலிக் வண்ணங்கள், பிரஷ், பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு, பழைய பல் துலக்கும் பிரஷ், கெட்டி அட்டை, பசை. டிஷ்யூ என்றதும் முகம் துடைக்கும் தாளை எடுத்துவிடாதீர்கள், நனைந்தால் கரைந்துவிடும். புதுச் செருப்புப் பெட்டிக்குள்ளும் புதுத் துணி மடிப்புக்குள்ளும் வைத்துத் தருவார்களே, அந்தச் சரசரக்கும் மெல்லிய தாள். ஸ்டேஷனரி கடையில் பரிசுப் பொட்டலம் சுற்றும் தாள் என்று கேட்டாலும் கொடுப்பார்கள். மெழுகுப் பூச்சு உள்ள தாளில் வண்ணம் பிடிக்காது.

போஸ்டர் கலர் விலை குறைவுதான், ஆனால் காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் ஓடும். பசை தடவும்போது எல்லா நிறமும் கலந்து சேறாகிவிடும். அக்ரிலிக் காய்ந்துவிட்டால் ஓடாது. அதனால் இதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். அக்ரிலிக் துணியில் பட்டாலும் போகாது என்பதால் பிள்ளைக்குப் பழைய சட்டையைப் போட்டுவிடுங்கள்.

முதல் நாள் வண்ணம் பூசுவது மட்டும்தான். செய்தித்தாளின் மேல் வைத்துப் பூசினால் காய்ந்ததும் டிஷ்யூ அதோடு ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் விரிப்பின் மேல் வையுங்கள். வண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அழுத்தாமல், ஒரே நிறத்தில் தாள் முழுவதும் பூசுங்கள். காயட்டும். காய்ந்தபின் அதன்மேல் இரண்டாவது நிறம். இங்கேதான் பிள்ளைக்குக் கொண்டாட்டம். ஸ்பாஞ்சால் ஒற்றலாம், பல் பிரஷ்ஷால் இழுக்கலாம், விரலால் சுழிக்கலாம், சீப்பால் கோடு போடலாம். கார்ல் கம்பளத் துண்டைக்கூட வண்ணத்தில் தோய்த்து ஒற்றினார். என்ன உருவம் செய்யப் போகிறோம் என்று இப்போது பேசவே வேண்டாம். பச்சையில் நான்கைந்து தாள், சிவப்பில் இரண்டு, நீலம், மஞ்சள் என்று சேரட்டும். சில இடங்களில் கிழியும், கிழிந்தது கிழிந்தபடி இருக்கட்டும், அந்தத் துண்டுகளும் பிறகு உதவும்.

கார்லின் ஸ்டுடியோவில் இந்தத் தாள்களை நிறவாரியாக அடுக்கி வைக்க இழுப்பறைகள் இருந்தன. நமக்கு நிறத்துக்கு ஒரு பெரிய உறை போதும்.

அடுத்த நாள் வெட்டுவதும் ஒட்டுவதும். உருவத்தை டிரேசிங் தாளில் எளிய கோடுகளாக வரைந்து, பகுதி பகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். புழுவென்றால் வட்டங்கள், மீனென்றால் உடல், வால், துடுப்பு. ஒவ்வொரு பகுதிக்கும் எந்தத் தாள் என்று பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். நான்கு வயதுக்குக் கீழ் என்றால் கத்தரிக்கோல் வேண்டாம், கையால் கிழிக்கலாம். கிழித்த விளிம்பு இறகுக்கும் புல்லுக்கும் நன்றாக வரும்.

பசைக்குக் கார்ல் சுவர்த்தாள் ஒட்டும் பசையைப் பயன்படுத்தினார். நாம் போஸ்டர் ஒட்டும் மைதாப் பசையையே காய்ச்சிக்கொள்ளலாம், அல்லது ஃபெவிகாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்துகொள்ளலாம். பசையை அட்டையில் தடவி, அதன்மேல் தாளை வைத்து, உள்ளங்கையால் மெதுவாக நீவுங்கள். டிஷ்யூவிலேயே பசை தடவினால் சுருண்டு கிழியும். ஒன்றின்மேல் ஒன்று ஒட்டும்போது அடியில் இருக்கும் நிறம் மேலே கசிந்து தெரியும். மஞ்சள்மேல் நீலம் பச்சையாகத் தெரிவதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும். கண், மீசை, கால் போன்ற நுணுக்கங்களைக் கடைசியில் கிரேயானால் போடலாம்.

வந்த உருவம் கார்லின் புழு மாதிரி இருக்க வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் வீட்டு அணிலையோ பல்லியையோ செய்யுங்கள்.

ஆறாம் படி: அடுத்த புத்தகங்கள்

எழுபதுக்கும் மேற்பட்ட புத்தகங்கள் இருக்கின்றன, எல்லாம் ஒரே தரம் இல்லை. புழுவுக்குப் பிறகு நான் சொல்லும் வரிசை இது.

ஒன்றரை, இரண்டு வயதுக்கு 'ப்ரவுன் பேர்'. கேள்வி, பதில், கேள்வி, பதில் என்று ஒரே தாளத்தில் போகும். இதன் சொற்கள் கார்லுடையவை இல்லை, பில் மார்ட்டினுடையவை. ஆங்கிலத்தின் ஓசைதான் இதன் பலம் என்பதால் இதை மட்டும் ஆங்கிலத்திலேயே பாட்டாகப் படிக்கச் சொல்வேன். இதிலும் ஒரு நீலக் குதிரை உண்டு, பார்த்ததும் உங்களுக்குக் கிரவுஸ் ஆசிரியர் நினைவு வரும்.

உட்காரவே உட்காராத பிள்ளைக்கு 'ஃப்ரம் ஹெட் டூ டோ'. பென்குயின் தலையைத் திருப்பும், ஒட்டகச்சிவிங்கி கழுத்தை வளைக்கும், யானை காலை உதைத்து மிதிக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் 'உன்னால் முடியுமா?', 'என்னால் முடியும்!' என்ற பேச்சு. எழுந்து நின்று செய்துகொண்டே வாசிக்க வேண்டும், நீங்களும் சேர்ந்து.

மூன்று வயதிலிருந்து 'த வெரி பிஸி ஸ்பைடர்'. 1984-ல் வந்தது. சிலந்தியின் வலை தாளிலிருந்து எழும்பி நிற்கும், விரலால் தடவலாம். பக்கத்துக்குப் பக்கம் வலை வளரும். குதிரை, பசு, ஆடு என்று ஒவ்வொன்றும் வந்து விளையாடக் கூப்பிட, சிலந்தி பதில் சொல்லாமல் வேலையில் மூழ்கியிருக்கும். என் கணக்கில் புழுவை விடவும் நன்றாக அமைந்த புத்தகம் இது. பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளையும் வலை வளர்வதை விரலாலேயே பின்தொடரலாம்.

நான்கைந்து வயதில் 'த கிரவுச்சி லேடிபக்', 1977. எல்லோரிடமும் சண்டைக்குப் போகும் சிடுமூஞ்சி வண்டு. எதிரே வரும் விலங்கு பெரிதாக ஆகப் பக்கத்தின் அகலமும் எழுத்தின் அளவும் கூடும். பக்கத்துக்கு ஒரு கடிகாரம் உண்டு, காலை ஐந்து மணியிலிருந்து தொடங்கும். கடைசியில் ஒரு திமிங்கிலத்தின் வால் அந்த வண்டைச் சரியாக வழிக்குக் கொண்டுவருகிறது. கோபக்காரப் பிள்ளைகளுக்கு இந்த வண்டை ரொம்பப் பிடிக்கும்.

'பாப்பா, ப்ளீஸ் கெட் த மூன் ஃபார் மீ' நிலா கேட்கும் ஒரு மகளின் கதை. ஏணி நீளவாக்கில் மடிப்பு விரியும், மலை மேல்நோக்கி விரியும், முழுநிலா எல்லாப் பக்கமும் விரியும். நிலாச்சோறு ஊட்டும் வீடுகளில் இதற்கு அறிமுகமே தேவையில்லை.

'த வெரி கொயட் கிரிக்கெட்' புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்தால் சில்வண்டுச் சத்தம் கேட்கும். பேட்டரி தீர்ந்துபோன பழைய பிரதியை வாங்கிவிட்டால் கதையின் முடிவே வராது, கேட்டுப் பார்த்து வாங்குங்கள். மின்மினியின் கதையான 'த வெரி லோன்லி ஃபயர்ஃப்ளை' புத்தகத்தின் கடைசி விளக்குகளுக்கும் இதே எச்சரிக்கை.

ஏழாம் படி: அவர் சொன்னதாகச் சுற்றும் வாசகங்களைச் சோதியுங்கள்

வகுப்பறைச் சுவருக்கோ பேச்சுக்கோ கார்லின் மேற்கோள் தேடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். புழுவுக்கு வயிற்றுவலி வருவது தனக்குப் பிடிக்கவில்லை, பதிப்பாளர்களோடு சண்டை போட்டும் அவர்கள் கேட்கவில்லை, தின்பது புழுவின் இயல்பு என்றெல்லாம் கார்ல் பேசுவதாக ஒரு நேர்காணல் இணையத்தில் உலவுகிறது. அது 2015-ல் 'த பாரிஸ் ரிவியூ' என்ற இலக்கிய இதழ் ஏப்ரல் முட்டாள் தினத்துக்காக வெளியிட்ட கற்பனை. அவர் இறந்தபோது அது நிஜம் என்று நம்பப்பட்டு மறுபடி பகிரப்பட்டது. பெரிய செய்தி நிறுவனங்கள்கூட அஞ்சலிக் குறிப்பில் அதைச் சேர்த்துவிட்டுத் திருத்தம் போட்டன. இன்னும் அது ஓயவில்லை.

அதனால் ஒரு வாசகம் கண்ணில் பட்டால், அவருடைய சொந்தப் புத்தகத்திலோ, அவர் பேசுகிற ஒளிப்பதிவிலோ, ஆம்ஹர்ஸ்ட் அருங்காட்சியகத்தின் பக்கங்களிலோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். தன் பதிப்பாசிரியரைப் பற்றி அவர் எப்போதும் நன்றியோடுதான் பேசினார், அவரைத் திட்டுவது போல ஏதாவது வந்தால் அங்கேயே சந்தேகப்படலாம்.

அவருடைய குரலை நேரடியாகக் கேட்க நல்ல வழி 1997-ல் வந்த 'ஃப்ளோரா அண்ட் டைகர்'. தன் வாழ்க்கையிலிருந்து அவர் எழுதிய 19 குட்டிக் கதைகள், பெரும்பாலும் மனிதர்களுக்கும் விலங்குகளுக்கும் இடையில் நடப்பவை. சிலவற்றில் போர் வருகிறது, இழப்பு வருகிறது, அதனால் எட்டு ஒன்பது வயதுக்கு முன் வேண்டாம். அந்த வயதில் பிள்ளை புழுவைச் சின்னப் பிள்ளைகளின் புத்தகம் என்று ஒதுக்கியிருக்கும். இதைத் தானாகவே படிக்கக் கொடுங்கள், படித்து முடித்ததும் நீலக் குதிரைப் புத்தகத்தையும் பக்கத்தில் வையுங்கள்.